மக்கி போச்சு

மூக்குத்தி கழற்றிய மூக்கைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் ஒரு கருப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெயில் படாத ஒரு சின்ன வட்டம். மாமாவின் துப்பாக்கி நுனியில் இருந்த ஓட்டையை அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிட்டத்தில் பார்த்தபோது எனக்கு அந்த மூக்குதான் ஞாபகம் வந்தது. உடனே மளமளவென்று யோசனை ஓடியது. இதில் ஏதோ இருந்திருக்கிறது. ஒட்டி வைத்ததில்லை, திருகி வைத்தது, ஏனென்றால் உள்ளே மரை தெரிகிறது. ஒன்றைத் திருக முடிந்த இடத்தில் இன்னொன்றையும் திருகலாம். அதை நானே செய்யலாம்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. யோசனை வந்துவிட்டால் உட்கார முடியாது. இப்போதும் அப்படித்தான். இப்போது அதற்கு மெக்கானிக்கல் என்ஜினியரிங் என்று பெயர் சொல்லிக்கொள்கிறேன்.

மாமா என்றால் அத்தையின் கணவர். பட்டாளத்தில் இருந்துவிட்டு முடி நரைக்கும் முன்பே பென்ஷனோடு திரும்பியவர். லைசென்ஸ் எடுத்து ஒற்றைக் குழாய்த் துப்பாக்கி ஒன்று வாங்கி, ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சேர்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேங்க் வாசலில் கன்மேனாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டின் பின்கட்டில் அவரும் அத்தையும். முன்பக்கம் நாங்கள். மாடியில் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒரகடத்துக் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். வாசலில் நின்றால் கம்பெனி பஸ்களும் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளும் புழுதி கிளப்பும்.

அந்தக் கோடையில்தான் தேர்தல் முடிந்திருந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். அதுவரை மாமாவுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பார்ட்ஸ் கம்பெனியின் கேட்டில் டூட்டி. கையில் துப்பாக்கி கிடையாது, கழுத்தில் ஒரு விசில் மட்டும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அத்தைக்குத் தண்ணீர் தூக்குவார், துணி பிழிவார், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். ரொம்ப வருஷம் கழித்து அத்தை வயிற்றில் பிள்ளை. மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் மாமா விசிலில் சினிமாப் பாட்டு வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் செக்யூரிட்டி கம்பெனி அவரைப் பேங்க் வாசலிலிருந்து பண வண்டிக்கு மாற்றியிருந்தது. ஏடிஎம்களுக்குப் பணம் நிரப்பப் போகும் வண்டி. வேலூர், கிருஷ்ணகிரி என்று சுற்றும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் வீடு. துப்பாக்கி கைக்கு வந்ததும் ஏறிவிட வேண்டும் என்று உத்தரவு. கம்பெனியின் ஃபீல்டு ஆபீசரும் பழைய பட்டாளத்துக்காரர்தான். எல்லோரும் சாப் என்பார்கள். சாப் சொன்னதற்கு மாமா போனிலேயே அட்டென்ஷனில் நின்று "சரி சாப்" என்றார். எங்கள் வீட்டில் அது ஒரு திருவிழா. வண்டியில் போகிற கன்மேன் என்றால் வாசலில் நிற்கிற கன்மேனைவிட ஒரு படி மேல் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியோடு வந்த மாமா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்ன முதல் வார்த்தை:

"மக்கி போச்சு."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யய்யோ, இன்னா அண்ணா சொல்றீங்க? மக்கிப் போச்சா? மழைல போட்டு வச்சிருந்தானுங்களா?"

"மழை எங்க பேஞ்சுது? மக்கி போச்சும்மா. மக்கி."

"அதான் கேக்கறேன், கட்டையா, கொழாயா? எது மக்குச்சு?"

"கட்டை நல்லா கீது. கொழாயும் நல்லா கீது."

"அப்புறம் இன்னாதான் மக்குச்சு?"

இருட்டுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து கரையான் அரித்திருக்கிறதா என்று கட்டையைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா வேப்ப எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா குழாய் நுனியைக் காட்டி, பட்டாளத்தில் இந்திக்காரர்கள் இங்கே இருக்கிற மணியை மக்கி என்பார்கள், மக்கி என்றால் ஈ, குழாய் முனையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பதால் அந்தப் பெயர், அந்த ஈதான் காணோம் என்று விளக்கினார்.

"தூ, ஒரு ஈ பறந்து போனதுக்கா இவ்ளோ பேச்சு," என்று எதிர்வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

எங்கள் தமிழ் டீச்சர் அந்த வருடம்தான் வலி மிகும் இடம், மிகா இடம் நடத்தியிருந்தார். மக்கிப் போச்சு என்றால் வினையெச்சம், ப் மிகும். மக்கி போச்சு என்றால் எழுவாய், மிகாது. ஒரு புள்ளி வைத்த எழுத்தில் ஒரு துப்பாக்கியின் கதியே மாறுகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். எழுவாயைக் கண்டுபிடித்துவிட்டேன். 'போச்சு' என்கிற வார்த்தையை நான் கவனிக்கவில்லை. தமிழில் எது போனாலும் தானாகவே போய்விடும். யார் எடுத்தது என்று அந்த வாக்கியத்தில் கேட்க இடமே இருக்காது. இதை டீச்சர் நடத்தவில்லை.

ஈ பறந்துபோனது சிரிப்பில்லை என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தெரிந்தது. திங்கட்கிழமை காலை சாப் வந்து துப்பாக்கியைச் சோதிப்பார். ஒரு பாகம் குறைந்தாலும் வண்டியில் ஏற்ற மாட்டார். சென்னையில் இருக்கிற லைசென்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏற்கனவே தேர்தல் முடிந்து வந்த துப்பாக்கிகள் குவிந்து கிடக்கின்றன, திரும்பி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை மாமா அதே கேட்டில் அதே விசிலோடு நிற்க வேண்டியதுதான்.

"பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நின்ன மனுஷன், கேட்ல நின்னு லாரிக்கு விசிலடிக்கணுமா?" என்றாள் அம்மா. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை மட்டும் மோர் ஊற்றிக்கொண்டே, "போனா போவட்டும்," என்றாள். எவ்வளவு தைரியம் அத்தைக்கு என்று நினைத்தேன். மாமா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துக்கத்தில் சிலருக்குப் பசிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

மறுநாள் காலை, ஓட்டையைப் பார்த்த கையோடு மாமாவிடம் போய் நின்றேன். நானே புது மணி போட்டுத் தருகிறேன் என்றேன். மாமா என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதெல்லாம் லைசென்ஸ் வச்சிருக்கற கடைக்காரன்தான் தொடணும், குட்டி."

"துப்பாக்கியத்தானே தொடக் கூடாது? கொழாயைத் தனியா கழட்டிக் குடுங்க மாமா. அது வெறும் பைப்புதானே?"

மாமாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. பட்டாளம் அவருக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்காமலே அனுப்பிவிட்டது. தோட்டாக்கள் அத்தையின் டிரங்குப் பெட்டியில் பூட்டி இருந்தன. துப்பாக்கியை மடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று வெளிச்சத்தில் தானும் பார்த்து என்னையும் பார்க்கச் சொல்லி, முன்கட்டையை உருவி, குழாயைத் தனியே எடுத்து என் மடியில் வைத்தார். கட்டையும் விசையும் இருந்த மீதிப் பாதியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

முதலில் அது எதற்கு என்று தெரிந்தாக வேண்டும். எதற்கென்று தெரியாமல் ஒரு பொருளைச் செய்ய எனக்குக் கை வராது. துடைப்பக் குச்சி ஒன்றின் முனையில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, கன்னத்தில் வைத்து, கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைக் குறிபார்த்தேன். பொட்டைப் பார்த்தால் காக்காய் கலங்குகிறது. காக்காயைப் பார்த்தால் பொட்டு இரண்டாகிறது.

"முன்னாடி மணி இங்க. பின்னாடி மணி எங்க மாமா?"

"அது ரைஃபிளுக்கு. இதுக்கு முன்னாடி மட்டும்தான். பின்னாடி மணி உன் கண்ணுதான். கன்னம் எப்பவும் கட்டைல ஒரே எடத்துல படியணும். தலையத் தூக்கினா கொழாய் முழுசா தெரியும், குண்டு மேல போயிடும்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான். குச்சி நீளமாகி, பொட்டு மேலே ஏறியது. தாழ்த்தினால் குச்சி மறைந்து பொட்டு மட்டும் நின்றது.

"அப்போ பொட்டைப் பார்க்கணுமா, காக்காயைப் பார்க்கணுமா?"

"மக்கியப் பார்த்துக்கினு சுட்டா ஒண்ணும் வுழாது. எதுக்கு வந்தியோ அதைப் பாரு. மக்கி கண்ணு ஓரத்துல தானா தெரியும்."

"பார்க்கவே கூடாதுன்னா அதை எதுக்கு வைக்கணும்?"

மாமா சிரித்தார். "இருக்கும்போது தெரியாது. இல்லாதப்பதான் தெரியும்."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பதில் மாதிரியே இல்லை. ஆனால் வேலைக்கு அது தேவையில்லை என்பதால் ஒதுக்கி வைத்துவிட்டு அத்தையிடம் போனேன். மூக்குத்தி யோசனைதானே முதலில் வந்தது; மூக்குத்தியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அத்தையிடம் திருகாணி வைத்த பழைய மூக்குத்தி ஒன்று உண்டு. அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும், உள்ளே இருந்த நகைப்பெட்டியைத் திறக்கப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ தொறக்காத. இரு, நான் எடுத்துத் தரேன்." அந்த வயிற்றோடு அவளே குனிந்து, டிரங்குப் பெட்டியை எனக்கு மறைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். இதற்கு எதற்கு இத்தனை சிரமம் என்று நினைத்தேன்.

மூக்குத்தி ஓட்டைக்குள் போய் லொடலொடத்தது. தண்டு ரொம்ப மெல்லிசு. தவிரவும் கல் மின்னியது. "மின்னினா கண்ணு அதும்மேலயே போவும். வோணாம் வுட்டுடு," என்றார் மாமா. மின்னக் கூடாது, ஆனால் வெளுப்பாகத் தெரிய வேண்டும், எனவே பித்தளை என்று நான் முடிவு செய்துகொண்டேன். மூக்குத்தியை என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டேன். அன்று முழுக்க இப்படித்தான் நடந்தது. மாமா வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு காரணமும் எனக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பாக இருந்தது.

மாடியில் அன்று ஒரு அண்ணனுக்குத்தான் லீவு. சிஎன்சி மெஷினில் வேலை. வேட்டியோடு இறங்கி வந்து குழாயைக் கையில் வாங்கியதும் தூக்கம் கலைந்துவிட்டது அவருக்கு.

"ஏ பாப்பா, இது எம் த்ரீயால்லா இருக்கணும். இரு வாரேன்."

மேலே போய் ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூ கொண்டுவந்தார். எம் த்ரீ, அதாவது மூன்று மில்லிமீட்டர் ஸ்க்ரூ, ஒரு சுற்றுப் போய் இறுகி நின்றது. அதைவிடச் சின்னது தொளதொளத்தது.

"என்னத்துக்கு இது ஏற மாட்டேங்கு?" என்று ஸ்க்ரூவைத் திட்டினார். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் எல்லாமே மில்லிமீட்டர். இந்தத் துப்பாக்கியோ மில்லிமீட்டருக்கு முந்திய கணக்கில் மரை போட்டது.

"பார்த்தியா? இதுக்கெல்லாம் பழைய மரைதான் சேரும். இப்ப எங்க கிடைக்கும்?" என்றார் மாமா, கொஞ்சம் உற்சாகமாகவே.

பழைய மரை. பழைய மரை எங்கே இருக்கும்? வீட்டில் எது ரொம்பப் பழசு? கண்ணை மூடி ஒவ்வோர் அறையாகப் போனேன். சமையலறை ஜன்னல் மேல், கருப்பு பேக்கலைட்டில் செய்த ஒரு மூன்று முள் பிளக். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய டேபிள் ஃபேனுடையது. ஃபேன் செத்து ஃபேனின் வாரிசும் செத்துவிட்டது, பிளக் மட்டும் இருந்தது. அதைப் பிரித்தால் ஒயரைப் பிடிக்கும் குட்டிக் குட்டிப் பித்தளை ஸ்க்ரூக்கள். அதில் ஒன்றை ஓட்டையில் வைத்து விரலாலேயே திருகினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"எய்யா!" என்றார் அண்ணன். "மூளைய எங்க வச்சிருக்கா பாருங்க!"

மாமா குழாய் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "நீளம் ஜாஸ்தி. உள்ள நீட்டிக்கினு இருந்தா குண்டு வந்து மோதும். கொழாயே வீணாப் போயிடும். ஆபத்து," என்றார். சத்தியமான பேச்சு. நான் ஒரு தீக்குச்சியைச் சீவி ஓட்டைக்குள் விட்டு, குழாய் வாய் வழியாகப் பார்த்து, உள்சுவருக்கு வராமல் நிற்கிற இடத்தில் நகத்தால் கீறினேன். அந்த அளவுக்கு ஒரு மயிரிழை குறைவாக ஸ்க்ரூவை வெட்ட வேண்டும். தலையில் இருந்த கீற்றைத் தேய்த்து எடுத்து உருண்டையாக்க வேண்டும்.

லேத் இல்லை. அண்ணன் ஒரு கை டிரில்லை அம்மிக்கல்லில் சாய்த்துக் கட்டி, ஸ்க்ரூவின் தண்டை அதன் வாயில் கடிக்க விட்டார். நான் கைப்பிடியைச் சுற்ற, அவர் அரத்தைப் பிடிக்க, பித்தளைத் தூள் மஞ்சள்தூள் மாதிரி உதிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்க்ரூத் தலை மிளகாகிக்கொண்டிருந்தது. அப்புறம் இடம் மாற்றிக்கொண்டோம். அரத்தை நான் பிடித்தேன். அந்த நாள் முழுக்க என் கண் அந்த மக்கி மேலேயே இருந்தது; வேறு எதன் மேலும் இல்லை.

சுற்றிக்கொண்டே அண்ணன் ஓட்டையைத் திரும்பவும் எட்டிப் பார்த்தார். "ஆனா மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? மரை ஒரு கீறல்கூட இல்லாம கண்ணாடி மாதிரி இருக்கு. எவனாவது பிச்சு எடுத்திருந்தாம்னா மரை செதஞ்சிருக்கும். தானா களண்டு விளுந்துச்சுன்னா, ஸ்டேசன்ல சும்மா கெடந்ததுக்கு ஏது அதிர்வு?"

"நீ டீ குடிச்சியாப்பா?" என்றார் மாமா. உள்ளே திரும்பி, "இந்தா, தம்பிக்கு டீ கொண்டா," என்றார்.

டீ வந்தது. அதிர்வு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட நான், பண வண்டி மேடு பள்ளத்தில் குதிக்கும்போது புது மணி கழன்றுவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட ஆரம்பித்தேன். அண்ணனின் கம்பெனி லைனில் ஸ்க்ரூ முடுக்கும்போது மரையில் ஒரு சொட்டுப் பசை விடுவார்களாம், அப்போதுதான் வண்டி ஓடும் அதிர்வில் கழலாதாம். பசைக்கு எங்கே போவது? அம்மாவின் நெயில் பாலிஷ் இருந்தது. ஓட்டையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, மரையில் சிவப்பாக ஒரு சொட்டு வைத்து, மணியைத் துணியால் பிடித்துத் திருகினேன். நின்றது. குழாய் வாய் வழியாக நானும் அண்ணனும் மாறி மாறிப் பார்த்தோம். உள்ளே எதுவும் நீட்டவில்லை, வழவழவென்று இருந்தது. வழிந்த பாலிஷைத் துடைத்த பிறகு, அது எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி இருந்தது.

ஜப்பான் கம்பெனியில் முதல் ஷிப்டு முடிந்து வந்த அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க ஜப்பான்காரன் பார்த்தா உன்னை இப்பவே லைன்ல சேத்துக்குவான்," என்றார். அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். மாமா குழாயைப் பூட்டி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, வாசலுக்கு வெளியே தூரத்தில் எதையோ ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியுதா மாமா?"

"தெரியுது குட்டி," என்றார். "நல்லா தெரியுது."

அத்தை என் தலையில் கை வைத்து, "ரொம்ப அறிவு உனக்கு," என்றாள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மெடல் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை சாப் வந்தார். மீசையும் மோட்டார் சைக்கிளும் ஒரே நிறம். பண வண்டி மெயின் ரோட்டில் நிற்பதாகச் சொன்னார். துப்பாக்கியை மடித்துப் பார்த்தார், குழாய்க்குள் பார்த்தார், கட்டையைத் தட்டினார். கடைசியில் கட்டை விரலை மணியின் மேல் வைத்து உருட்டினார்.

"இன்னாய்யா, மக்கி போச்சுன்னு போன்ல சொன்ன? கிண்ணுனு கீதே! எந்தக் கடை?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கதவுக்கு வெளியே, சாப் கண்ணில் படுகிற மாதிரி, நடுவாசலில் நின்றிருந்தேன். மாமா முகத்தில் ஏதோ வந்து போனது. அவ்வளவு பெரிய ஆளுக்குப் பெருமையில் கண் கலங்குமா என்று எனக்கு ஆச்சரியம்.

"வூட்லயேதான், சாப். மச்சான் பொண்ணு."

"சபாஷ்! அப்புறம் இன்னா? பையை எடு. ஏறு."

"சரி சாப்," என்றார் மாமா.

பை தயாராக இல்லை. அதைத்தான் நான் பிறகு யோசித்துக் குழம்பினேன். வண்டியில் ஏறப் போகிறவர் முந்தின நாளே துணி எடுத்து வைத்திருக்க மாட்டாரா? அத்தை அவசர அவசரமாக இரண்டு சட்டை மடித்தாள். ஒன்றை மடித்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள். நான் வண்டி வரைக்கும் கூடவே போய்க் கையாட்டினேன். வண்டியின் சின்னக் கம்பி ஜன்னலில் துப்பாக்கி நுனி தெரிந்தது. நான் செய்த மணி, வெயில் பட்டு, மின்னாமல், வெளுப்பாக, மிகச் சரியாக இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மாமா வந்து போனார். வந்தவுடன் நான் மணியைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பேன். ஆடவில்லை. அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஒரு காலை நேரத்தில் அத்தைக்கு வலி எடுத்தது. ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா மாமாவின் செல்லுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். கிடைத்தபோது வண்டி கிருஷ்ணகிரி தாண்டி இருந்தது. பணம் உள்ளே இருக்கும்போது கன்மேன் இறங்க முடியாது, மாற்று ஆள் வர வேண்டும். மாமா ஏதோ கேட்டார், அப்பா "இன்னும் இல்ல, இன்னும் இல்ல," என்றார். உள்ளே அத்தை கூப்பிட்டது கதவைத் தாண்டிக் கேட்டது. அம்மாவை இல்லை. எங்களில் யாரையும் இல்லை.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. பழைய மெத்தென்ற புடவை வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும், அம்மா அத்தையின் டிரங்குச் சாவியை என்னிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். புடவைகளை எடுத்த பிறகுதான் மூக்குத்தி இன்னும் என் ஜாமெட்ரி பாக்ஸிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. பெட்டி திறந்திருக்கும்போதே திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்து வந்து, நகைப்பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு ரோஸ் காகிதப் பொட்டலம். நகைக்கடையில் மடித்துக் கொடுப்பார்களே, அந்தக் காகிதம். பிரித்தேன். மிளகு அளவில் ஒரு பித்தளை மணி. கீழே குட்டித் தண்டு. மரை ஒவ்வொரு சுற்றும் உயிரோடு இருந்தது. குறடு கடித்த தடம் எங்கேயும் இல்லை. துணி சுற்றி, பொறுமையாக, சேதமில்லாமல் திருகி எடுத்த வேலை. என்னைவிட நன்றாக யாரோ செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். மாமா ஒரிஜினல் மக்கியை எங்கேயோ கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் நான் செய்தது அதைவிட நன்றாக இருப்பதால், என்னிடம் சொல்லாமல் இதை அத்தையிடம் கொடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார். பெரிய மனசு. எனக்குச் சிரிப்பாகவும் கூச்சமாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் ஒரு கையில் புடவை மூட்டை, இன்னொரு கையில் அந்த மணி. சில துப்பாக்கிகளில் நுனியில் ஒன்றும் நடுக்குழாயில் ஒன்றுமாக இரண்டு மணி இருக்கும் என்று மாமாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் கன்னம் சரியாகப் படிந்திருக்கிறது என்று அர்த்தம், சந்தேகமே வேண்டாம். இப்போது நம்மிடம் இரண்டு இருக்கிறது.

அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை, சிவப்பாக, கையை இறுக்கி மூடிக்கொண்டு, கதவுப் பக்கம் முகத்தை வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் குழாயைக் கழற்றித் தரச் சொல்ல வேண்டும். மாடி அண்ணனிடம் கை டிரில்லை இப்போதே சொல்லி வைக்க வேண்டும். இந்தத் தடவை ஓட்டையையும் நாமேதான் போட வேண்டியிருக்கும்.